தலையில் அடி, இரத்தத்தில் கலகம்

புதுச்சேரிக்கு வடபால் உள்ள கருவடிக்குப்பத்தைப் பெயரால் அறியாத தமிழர் இருக்கலாம். அங்கிருந்த மாந்தோப்பை அறியாதவர் சிலரே. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாசம் செய்த பாரதியார், நகரத்தின் சந்தடியை விட்டுத் தனிமை நாடிச் சென்ற இடம் அது. ‘குயில் பாட்டு’ அங்கே பிறந்தது என்பதனால் குயில் தோப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தோப்பை அடுத்துச் சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயில் இருக்கிறது. ஊரைச் சேர்ந்த மயானமும் புதுவைவாசிகள் யாவரும் அறிந்ததே.

இன்று கருவடிக்குப்பம் நகரத்துக்குள் அடங்கிப் போயிற்று. குயில் கூவினாலும் காதில் விழ வேண்டுமே! சென்னையிலிருந்து கடலோரமாக வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. அந்தச் சாலையில் பஸ்ஸும் லாரியும் காரும் போகின்றன. அவற்றின் இடுக்குகளில் எல்லாம் இரு சக்கர மோட்டார் வண்டிகள் புகுந்து புறப்படுகின்றன. ஒரு வண்டியில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று குடும்பமே ஏறிச் செல்வதையும் பார்க்கிறோம். நால்வரில் ஒருவர் தலையிலாவது கவசம் இருந்தால் அது விசேஷம்.

ஊருக்கு மேற்கே இரண்டு மைல் அளவில் கோரிமேட்டில் ‘ஜிப்மர்’ வைத்தியசாலை இருக்கிறது. 1823-ல் பிரஞ்சுக்காரர் புதுவையில் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்து, 1964-ல் ஜவாஹர்லாலின் பெயரைத் தாங்கிய பெரிய ஸ்தாபனம் அது. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் அதனை நாடி வருகிறார்கள். ஆகவே, கருவடிக்குப்பத்துச் சாலையில் ஒருவர் விழுந்தால் அவருக்குச் சிகிச்சை தொலைவில் இல்லை. இருந்தும் காலம் தவறிப் போகிறது. அது ஏன் தவறுகிறது, தவறினால் மண்டைக்குள் என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம்.

ஒரு வாலிபர் மாலை ஏழு மணிக்கு வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். தலை தரையில் மோதுகிறது. இரண்டு நிமிஷம் நினைவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பெயரைக் கேட்டால் சொல்கிறார். காதோரம் சிறிய சிராய்ப்பு, இரத்தம் அதிகமில்லை. கூடியிருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்து, “ஒன்றுமில்லை தம்பி, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்குத் தலைவலி. இரண்டு முறை வாந்தி. வெயிலில் அலைந்தது என்கிறார் தாயார். விடியற்காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

இப்படி ஆவதற்குக் காரணம் ஒன்றல்ல. மண்டையோட்டுக்கு அடியில் ஓடும் ஒரு நாடி அறுந்து சிறுகச் சிறுக இரத்தம் தேங்குவது உண்டு. ஆனால் பெரிய நாடி ஒன்றும் அறாத இடத்திலும் கூட, முதல் ‘ஸ்கான்’ படத்தில் சிறு கன்றலாகக் காணப்பட்டது ஆறு மணி நேரத்தில் இருமடங்காகப் பெருத்துவிடுவதை வைத்தியர்கள் காண்கிறார்கள். அடி ஒரு முறைதான் பட்டது. பிறகு யாரும் அடிக்கவில்லை. எனினும் காயம் வளர்கிறது. இந்த விசித்திரத்துக்கு விடை எலும்பில் இல்லை. இரத்தத்திலும், அந்த இரத்தம் ஓடுகிற குழாய்களின் உட்புறத்திலுந்தான் இருக்கிறது.

மூளைக்குள் மயிரினும் மெல்லிய இரத்தக் குழல்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மனிதனுடைய மூளையிலுள்ள நுண்குழல்களை எல்லாம் நீட்டிக் கட்டினால் சுமார் 400 மைல் நீளுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேரலாம். இந்தக் குழல்களின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள் மூடியிருக்கின்றன. இந்த அகத்தோலை வெறும் பூச்சு என்று எண்ணுவது பிசகு. வீட்டு வாசலில் நிற்கும் சாமர்த்தியசாலியான காவற்காரனைப் போல, இரத்தம் எப்பொழுது ஓட வேண்டும், எப்பொழுது உறைய வேண்டும் என்று நொடிதோறும் தீர்ப்புச் செய்வது இதுதான். இதன்மேல் சர்க்கரைச் சத்தாலான வழவழப்பான ஒரு போர்வை உண்டு. அதனால் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் வழுக்கிச் செல்கின்றன. உறைதல் தொடங்கினால் அதனை அடக்கும் புரதமொன்றைக் கிளப்பிவிடும் கொக்கிகள் அகத்தோலிலேயே இருக்கின்றன. உறைந்த கட்டியைக் கரைக்கும் சரக்கையும் அதுவே சுரக்கிறது. அதே சமயம், காயம் பட்டவுடன் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைக்கும் பசையையும் சிறு பைகளில் சேமித்து வைத்திருக்கிறது. 1964-ல் வைபல், பலாடே என்ற இரு விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தப் பைகளைக் கண்டு விவரித்தார்கள். அவர்கள் பெயராலேயே அவை இன்றும் வழங்குகின்றன.

இரத்தம் தகாத இடத்தில் உறைவதற்குக் குழாய்ச் சுவரின் கேடு, ஓட்டத்தின் தளர்ச்சி, இரத்தத்தின் குணமாற்றம் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொல்வது வைத்திய உலகின் பழைய பாடம். ஜெர்மானிய வைத்தியர் விர்கோ 1856-ல் எழுதியவற்றிலிருந்து பிறந்த பாடம் அது. தலையில் பலத்த அடி பட்டால் மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்து வருகின்றன.

ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருப்பவர் முன்னே சாய்வதுபோல, மண்டை தரையில் மோதி நிற்கும்போது உள்ளிருக்கும் மூளை தொடர்ந்து நகர்ந்து, முறுகி, இழுபடுகிறது. நுண்குழல்கள் சில கிழிகின்றன. கிழியாதவற்றிலும் அகத்தோல் நைந்து, மேலிருந்த வழவழப்பான போர்வை உரிந்து இரத்தத்தில் கலக்கிறது. அடிபட்டவர் இரத்தத்தைச் சோதித்து, இந்தப் போர்வையின் துண்டுகள் எவ்வளவு மிதக்கின்றன என்று அளவிட்டே சேதத்தை மதிப்பிடவும் இப்போது முயல்கிறார்கள். சேமிப்புப் பைகள் வெடித்துப் பசை வெளிப்படுகிறது. தட்டணுக்கள் வந்து அப்புகின்றன. மூளையின் இரத்தக் குழல்களுக்கு மற்ற உறுப்புகளில் இல்லாத கட்டுக்காவல் ஒன்று உண்டு. கண்ட பொருளும் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்துவிட முடியாது. அந்தக் காவலும் குலைந்து நீர் கசிந்து மூளை வீங்கத் தொடங்குகிறது.

கையிலோ காலிலோ குழாய் கிழிந்தாலும் இதில் ஒரு பகுதி நடக்கத்தான் செய்கிறது. மூளைக்கு மாத்திரம் உள்ள தனிச் சங்கதியை இனிப் பார்ப்போம்.

நம் வீடுகளில் இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி ‘ஐ.என்.ஆர்.’ என்றொரு சோதனை செய்துகொள்வதை நேயர்கள் அறிவார்கள். சோதனைச் சாலையில் அவர்களுடைய இரத்தநீரில் ஒரு மருந்தைக் கலந்து, எத்தனை விநாடியில் உறைகிறதென்று பார்ப்பதே அது. அமெரிக்க டாக்டர் க்விக் என்பவர் 1935-ல் இந்த முறையை வெளியிட்டார். கலக்கப்பட்ட மருந்து எது தெரியுமா? முயலின் மூளையிலிருந்து எடுத்த சத்து! முயல் மூளையை நெடுங்காலம் இதற்குப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மனித மூளையிலிருந்தே தயாரித்ததும் உண்டு. இரத்தத்தை நொடியில் உறைய வைக்க மூளையைப் போன்ற சரக்கு வேறு கிடைப்பது அரிது. அதிலுள்ள முக்கிய வஸ்துவுக்குத் ‘திசுக்காரணி’ என்று பெயர்.

இயற்கை காரணமில்லாமல் இதனை அங்கே வைக்கவில்லை. வயிற்றில் சிறிது இரத்தம் கசிந்தால் இடமிருக்கிறது. மூளையோ எலும்புப் பெட்டிக்குள் அடைபட்டது. ஒரு கரண்டி இரத்தம் தேங்கினாலும் அபாயம். ஆகவே ஒவ்வொரு குழலையும் சுற்றி மூளையணுக்கள் இந்த வஸ்துவை ஏந்தி நிற்கின்றன. குழல் சிறிது கசிந்தாலும் கணத்தில் அடைத்துவிடும். தினசரி வாழ்க்கையின் சிறு கசிவுகளுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் பலத்த அடியால் மூளையே நசுங்கும்போது, காவலுக்கு வைத்த இந்த வஸ்து மொத்தமாக இரத்தத்தில் கொட்டுகிறது. நைந்த மூளையணுக்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் கழன்று, சிதைந்த காவலைக் கடந்து, உடம்பு முழுவதும் சுற்றி வருகின்றன. 2015-ல் அமெரிக்காவிலும் சீனாவிலும் உள்ள விஞ்ஞானிகள் சேர்ந்து எலிகளில் இதனைக் காட்டினார்கள். அடிபட்ட மூளையிலிருந்து வந்த குமிழ்களை அடிபடாத எலியின் இரத்தத்தில் செலுத்தியபோது, அதன் தலையில் யாரும் கை வைக்காமலே அதன் இரத்தத்திலும் அதே கலகம் மூண்டது.

உறையச் செய்யும் சரக்கு மிகுந்தால் இரத்தம் கட்டிக்கொள்ளத்தானே வேண்டும்; ஏன் ஒழுகுகிறது? இது நியாயமான கேள்வி. இதற்கு விடை நமது நாட்டுப்புறத்து மக்கள் நெடுங்காலமாகக் கண்ணாரக் கண்டதே. கண்ணாடி விரியன் கடித்தவனுக்குப் பல் ஈறிலும் கடிவாயிலும் இரத்தம் நிற்காமல் கசியும். சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்து 1796-ல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டரின் பெயரை வெள்ளைக்காரர் இந்தப் பாம்புக்கு இட்டிருக்கிறார்கள். இதன் விஷத்தை ஒரு குழாயிலுள்ள இரத்தத்தில் இட்டால் விநாடிகளில் உறைந்துபோகும். 1934-ல் இங்கிலாந்தில் மக்ஃபர்லேன் என்பவர், இரத்தம் உறையாத பிறவி நோய் உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கிய குழியில் இந்த விஷத்தை நீர்த்துத் தடவி இரத்தத்தை நிறுத்தினார். அப்படிப்பட்ட விஷம் உடம்பில் ஏறினால் இரத்தம் உறையாமல் போவதேன்? உறைதலுக்கு வேண்டிய முதலை அது நாலா பக்கமும் வீணாய்ச் செலவழித்துவிடுகிறது. வேண்டாத இடத்திலெல்லாம் சின்னஞ்சிறு கட்டிகள் உண்டாகின்றன, உடனே உடம்பு அவற்றைக் கரைக்கிறது, மறுபடியும் உண்டாகின்றன. கல்யாணத்துக்கு முந்தின நாளே பந்திக்கு வைத்திருந்த அரிசியைத் தெருவில் போவோர் வருவோர்க்கெல்லாம் வடித்துப் போட்டுவிட்டால், முகூர்த்தத்தன்று உலை வைக்க என்ன இருக்கும்? ஃபைப்ரினோஜன் என்னும் புரதமும் தட்டணுக்களும் இவ்வாறே தீர்ந்து போகின்றன. பாம்புக்கடிக்கு வந்தவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் வைத்திருந்து சாய்த்துப் பார்க்கிறார்களே, அது இந்தத் தீர்வைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

நசுங்கிய மூளையும் ஏறக்குறைய விரியனின் வேலையைச் செய்துவிடுகிறது. இதனை 1974-ல் அமெரிக்காவில் குட்நைட் என்பவரும் அவருடைய சகாக்களும் தெளிவாக எடுத்துக் காட்டினர். மூளைத் திசு அழிந்தவர்களிடம் ஃபைப்ரினோஜன் செலவாகிப் போயிருந்தது; தலையில் அடிபட்டும் மூளை அழியாதவர்களிடம் அவ்வாறு இல்லை. 2008-ல் டச்சு டாக்டர்கள் அதுகாறும் வந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, மூளைக்காயம் பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த உறைதல் கோளாறு இருந்தது தெரிய வந்தது. அவர்களுக்கு மரண அபாயமும் மற்றவரினும் பன்மடங்காக இருந்தது.

ஒரே மூளைக்குள் இரண்டு கேடுகளும் பக்கம் பக்கமாக நடப்பதுதான் கொடுமை. கன்றிய இடத்தைச் சுற்றிலும் நுண்குழல்கள் கட்டியால் அடைபட்டு, நன்றாயிருந்த மூளையும் இரத்தமின்றி வாடுகிறது. அதற்கு விரலளவு தள்ளி, உறைய முதலில்லாமல் இரத்தம் கசிந்து கன்றல் பெருக்கிறது. அகத்தோலின் அடக்கும் புரதம் அளவு மீறிக் கிளம்புவதுதான் முதற்காரணம் என்பார் சிலர்; மூளையின் திசுக்காரணியே என்பார் சிலர்; தட்டணுக்கள் எண்ணிக்கையில் இருந்தும் வேலை செய்யாமல் ஓய்ந்துவிடுகின்றன என்பார் வேறு சிலர். இந்த வாதம் தீரவில்லை. மூன்றிலும் உண்மை இருக்குமென்றே நமக்குத் தோன்றுகிறது; உடம்பு ஒரு காரணத்தோடு திருப்தியடைகிற வழக்கம் இல்லை.

இனி மருந்தின் கதை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் டாக்டரும் அவருடைய கணவர் ஷோசுகேயும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். பணமும் இல்லை, கருவிகளும் இல்லை. ஆராய்ச்சிக்கு இரத்தத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் தம்முடைய இரத்தமாவது கிடைக்கும் என்பதே! உட்டாகோ கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சோதனைச் சாலையில் வேலை செய்தார். 1962-ல் அவர்கள் வெளியிட்ட மருந்துக்கு ‘டிரானெக்ஸாமிக் அமிலம்’ என்று பெயர். அது இரத்தத்தை உறைய வைப்பதில்லை. உறைந்த கட்டியைக் கரைக்க வரும் சரக்கு கட்டியின்மேல் பற்றாதபடி குறுக்கே நிற்கிறது, அவ்வளவே. மாத விலக்கில் அதிக இரத்தம் போகும் பெண்மணிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் இது ஒன்று. ஆகையால் நம் நேயர்களில் பலருடைய வீட்டு அலமாரியிலேயே இது இருக்கக்கூடும். (அதற்காக அடிபட்டவருக்கு வீட்டிலேயே கொடுத்துவிடலாமென்று யாரும் எண்ணவேண்டாம். நாம் சொல்வது வைத்தியசாலையில் நரம்பு வழியே ஏற்றும் மருந்தைப் பற்றி.)

மலிவான இந்த மருந்து விபத்தில் சிக்கியவர்களைக் காக்குமா என்று கண்டறிய லண்டன் வைத்தியர்களின் தலைமையில் 40 தேசங்களில் 20,211 பேரிடம் ஒரு பெரும் பரீட்சை நடந்தது. 2010-ல் முடிவு வெளியாயிற்று. மற்றெந்தத் தேசத்தையும்விட இந்தியாவிலிருந்தே அதிகம் பேர் அதில் சேர்ந்தனர். நம் நாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கிடந்தவர்களால் உலகத்துக்கே ஒரு பாடம் கிடைத்தது என்பதில் நாம் பெருமைப்படுவதா, நம் சாலைகளை நினைத்து வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரத்தம் பெருகும் காயக்காரர்களுக்கு மருந்து உயிர் காத்தது. சீக்கிரம் கொடுத்தால் மாத்திரம்.

தலைக் காயத்துக்கென்றே நடந்த அடுத்த பரீட்சை 2019-ல் வெளிவந்தது; சேர்ந்தவர்கள் 12,737 பேர். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், தலைக்காயத்தால் இறந்தவர் 100-க்கு 18.5, மருந்து பெறாதவரில் 19.8. இந்த வித்தியாசம் சிறிது. தற்செயலாகவும் இருக்கலாமென்று கணித நிபுணர்கள் எச்சரித்தார்கள். ஆனால் காயம் இலேசாகவும் நடுத்தரமாகவும் இருந்தவர்களைத் தனியே பிரித்தபோது, மரணம் 7.5-லிருந்து 5.8-ஆகக் குறைந்திருந்தது. மிகக் கடுமையான காயமுற்றவர்களுக்குப் பலன் இல்லையென்றே சொல்லலாம். வேண்டாத இடத்தில் கட்டி உண்டாகும் என்று அஞ்சிய அபாயம் காணப்படவில்லை.

இந்த எண்களின் உட்பொருளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மருந்தினால் அதிக நன்மை அடையக்கூடியவர், நினைவிழந்து ஆம்புலன்ஸில் கிடத்தப்பட்டவர் அல்ல. பேசிக்கொண்டிருக்கிறாரே, பெயர் சொல்கிறாரே, சோடா குடித்தாரே என்று நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே, அவர்தான்! வைத்தியம் யாருக்கு அதிகம் பலிக்குமோ அவரையே நாம் வைத்தியசாலைக்கு அனுப்பத் தாமதிக்கிறோம். மாலை ஏழு மணிக்கு விழுந்த அந்த வாலிபருக்கு மூன்று மணி நேரக் கெடு இரவு பத்து மணியோடு முடிந்துவிட்டது. தலைவலி என்று அவர் படுத்த நேரம் அது.

தலையில் பலமாக மோதியவர், ஒரு நிமிஷமாவது நினைவு தப்பியவர், நடந்தது மறந்தவர், வாந்தி எடுத்தவர், தலைவலி ஏறிக்கொண்டே போகிறவர், மூக்கிலோ காதிலோ நீரோ இரத்தமோ வருகிறவர் ஆகிய இவர்களை உடனே கொண்டுபோக வேண்டும். வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. தூக்கிக் குலுக்கலாகாது, கழுத்தும் முறிந்திருக்கலாம். வலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பது, ஓய்ந்து கிடக்கும் தட்டணுக்களை அடியோடு ஓய்வு பெறச் செய்வதாகும். கூடச் செல்பவர் ஒரு விவரத்தை மறவாமல் கொண்டுபோகட்டும்: எத்தனை மணிக்கு அடி பட்டது? மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க டாக்டருக்கு வேண்டிய முதற்கேள்வி அதுவே. 108-க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைக்கலாம். போலீஸ், கோர்ட் என்று பயந்து விலகுகிறவர்களும் உண்டு. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் விபத்தில் உதவ வந்தவரைத் தொந்தரவு செய்யலாகாதென்று விதித்திருக்கின்றன. பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை.

கருவடிக்குப்பத்துச் சாலையில் மற்றொரு விநோதமும் உண்டு. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரி என்று, பிரஞ்சுக்காரர் காலத்து எல்லைகளால், சில மைல் தூரத்துக்குள்ளேயே இரண்டு ராஜ்யங்கள் மாறி மாறி வருகின்றன. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்பதாக ஏற்பாடு. இத்தகைய உதவிகளுக்கு எல்லைக் கல் முக்கியம். நசுங்கிய மூளையிலிருந்து புறப்பட்ட நுண்குமிழ்கள் எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை.

தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கவசம் அணிவது தலைக்காயத்தை 100-க்கு 69 பங்கும் மரணத்தை 42 பங்கும் குறைக்கிறதென்று, 2008-ல் பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். மோதலின் வேகத்தைக் கவசத்தின் உள்ளீடு வாங்கிக்கொள்வதால் மூளை முறுகுவதும் அகத்தோல் உரிவதும் குறைகின்றன. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது கட்டாயந்தான். ஆனால் புதுச்சேரியில் 2019 பிப்ரவரியில் அதனை அமல் செய்யப் புகுந்தபோது, துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதலமைச்சர் நாராயணசாமிக்கும் இருந்த சச்சரவுகளோடு அதுவும் சேர்ந்துகொண்டது. முதலமைச்சர் ஆளுநர் மாளிகை வாசலில் நாட்கணக்கில் தர்ணா இருந்தார். யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையில் நாம் இறங்கவில்லை. அந்த நாட்களில் கவசம் எல்லோர் வாயிலும் இருந்தது. தலையில் ஏறியதுதான் குறைவு.

வாலிபர்களைப் பற்றியே பேசிவிட்டோம். புழக்கடையில் வழுக்கி விழும் தாத்தாவின் நிலையும் இதைவிட இலேசல்ல. வயதில் மூளை சுருங்கி, அதனை மேற்புறத்தோடு இணைக்கும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சிறு அடிக்கே கிழியும். அதன்மேல் இருதயத்துக்காக இரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடுகிறவரானால், கசிவு தானாக நிற்பது கடினம். அவருக்கு வீக்கம்கூட இல்லாவிட்டாலும் படம் எடுத்துப் பார்ப்பதே முறை. அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துச் சென்றால், அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்தை டாக்டர் தாமதமின்றிக் கொடுப்பார். சில வாரங்கள் கழிந்து நடை தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ, “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாமல், முன்பு விழுந்ததை டாக்டரிடம் நினைவுபடுத்த வேண்டும்.

வைத்தியசாலையில் சேர்த்த பிறகு வீட்டாரைக் குழப்புகிற ஒரு சம்பவம் நடப்பதுண்டு. முதல் நாள் இரத்தம் கசியக்கூடாதென்று மருந்தும், ஃபைப்ரினோஜன் செறிந்த இரத்தநீரும், தட்டணுக்களும் ஏற்றுகிறார்கள். உடம்பு குளிர்ந்தால் உறைதல் தளருமென்று போர்த்தி வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதே டாக்டர், அதே நோயாளிக்கு, இரத்தம் உறையாதிருக்க ஊசி போடச் சொல்லுகிறார்! நேற்று உறைய வேண்டும் என்றவர் இன்று உறையக் கூடாது என்கிறாரே, கை தவறிவிட்டதோ என்று உறவினர் திகைக்கிறார்கள்.

கை தவறவில்லை. கலகத்தின் முதல் அத்தியாயம் முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. செலவாகிப் போன சரக்குகளை ஈரல் வேகமாகத் தயாரித்து அனுப்புகிறது. இம்முறை அளவுக்கு மேலாகவே. நோயாளி அசையாமல் கிடப்பதால் காலில் இரத்த ஓட்டம் மந்தமாயிருக்கிறது. நைந்த அகத்தோல் இன்னும் ஆறவில்லை. விர்கோவின் பாடத்திலுள்ள மூன்று காரணங்களும் இப்போது தொடைச் சிரையில் கூடுகின்றன. அங்கே உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால், மூளை தேறி வருகிற மனிதர் மூச்சடைத்து இறந்துபோகலாம். ஊசி போட்டாலோ மூளையில் மறுபடி கசிவு தொடங்கலாம். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இதுதான். ஆகவே முதலில் காலைக் காற்றால் அழுத்தித் தளர்த்தும் உறைகளை மாட்டுகிறார்கள். மறுபடியும் ‘ஸ்கான்’ படம் எடுத்து, கன்றல் வளராமல் நின்றுவிட்டதென்று கண்ட பின்பே, சாதாரணமாக 24 மணியிலிருந்து 72 மணிக்குள், சிறு அளவில் ஊசியைத் தொடங்குகிறார்கள். கட்டிலருகில் இருப்பவர்கள் நோயாளியின் ஒரு கால் மற்றதைவிடப் பருத்திருக்கிறதா, கெண்டைச் சதை சூடாக இருக்கிறதா என்று நாள்தோறும் தொட்டுப் பார்த்துத் தாதியிடம் சொல்வது, டாக்டருக்கு அந்தச் சமயத்தில் பெரிய உதவியாகும்.